முகவரி கொடுக்காவிட்டால்

அந்த அலுவலகத்தில் அவனுக்கு லைப்ரரிக்காரன் என்று பெயர். புத்தகத்துக்கும் அவனுக்கும் ஒட்டு உறவு கிடையாது. அவன் எழுதுவது கோட் லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் தொகுப்பு. பிளாக்செயின் என்பது ஒருமுறை எழுதினால் யாராலும் அழிக்க முடியாத பொதுப் பதிவு. அதன் முழுப் பிரதியையும் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு நோடு என்று பெயர். நோடு லேசில் யாரோடும் பேசாது; பேசினாலும் ஒற்றைச் சொல்லில் எரிந்து விழும். மற்ற புரோகிராமர்கள் அதனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் காரியத்தை முடித்துக்கொள்ள, நடுவில் நின்று இரண்டு பக்கமும் இதமாகப் பேசி இணைத்துவைப்பதுதான் அவனுடைய லைப்ரரியின் வேலை.

இதை அவன் தன் அக்காவுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தான். அக்கா அதில் தனக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "தம்பி லைப்ரரியில இருக்கான்" என்று சொல்லிவைத்தாள். விளைவு, கீழ்வீட்டுக்காரர் தான் எந்தக் காலத்திலோ இரவல் வாங்கித் திருப்பாத இரண்டு நாவல்களை அவன் கையில் திணித்து, "அபராதம் போடாம பாத்துக்கோங்க தம்பி" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

ஊரில் உள்ள புரோகிராம்களுக்கெல்லாம் இணைப்பு ஏற்படுத்திக் கொடுத்த புண்ணியவான், நாற்பதைத் தொடப்போகும் வயதிலும் தனக்கென்று ஒரு இணைப்பு இல்லாமல் இருந்தான். இத்தனைக்கும் எதிர்முனை வெகு தூரத்தில் இல்லை. இரண்டு மேசை தள்ளித்தான் இருந்தது.

அவளுக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பெயர். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் கையிலிருந்து எதுவும் நழுவாது. லைப்ரரிக்காரன் அவளைத் தன் மேசைக்கு வரவழைக்கவே வேண்டுமென்று பிழை விடுகிறான் என்று ஒரு வதந்தி உண்டு. அது அபாண்டம். பிழை விடுவதற்கு அவன் தனியாக முயற்சி எடுக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. மதியம் அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, பாதியை அவன் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவாள். அந்தப் பாதிப் பழத்துக்கு என்ன அர்த்தம் என்று அவன் பல மாதங்களாக ஆராய்ந்துகொண்டிருந்தான். ஆராய்ச்சி முடிவதற்குள் பழம் காய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் தின்றுவிட்டான்.

அவர்களுக்குள் ஓயாமல் நடந்த சண்டை ஒன்று உண்டு. அது பாப்பாவைப் பற்றியது.

பாப்பா என்பது அலுவலகத் தேநீர் அறையில், கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்கு மேலே கிடந்த, மூடி உடைந்த பழைய மடிக்கணினி. சோதனைக்கான நோடு. நிஜ நோடில் எழுதினால் கட்டணம் ஆகும், எழுதியது அழியவும் அழியாது. அதனால் கன்னாபின்னாவென்று எழுதிப் பழக ஒரு பொம்மை நோடு வேண்டியிருக்கிறது. பாப்பா என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், கட்டணம் கேட்காது. அணைத்துப் போட்டால், பிறந்த குழந்தை மாதிரி எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி வெறும் பலகையாக எழுந்து உட்காரும்.

லைப்ரரிக்காரன் தன் லைப்ரரியில் ஒரு வசதி செய்துவைத்திருந்தான். எந்த நோடுக்குப் போக வேண்டும் என்று முகவரி கொடுக்காவிட்டால், அது யாரையும் தொந்தரவு செய்யாமல், சத்தம் காட்டாமல், நேராகப் பாப்பாவிடம் போய்விடும்.

"சார், முகவரி குடுக்கலைன்னா உங்க லைப்ரரி கத்தணும்" என்றாள் சல்லடை.

"எதுக்கு மேடம் கத்தணும்? புதுசா வர்ற ஆளு பயந்துடுவான். அவன் சொல்லாட்டியும் நாமளே புரிஞ்சுக்கிட்டுக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். எவ்வளவு வசதி!"

"அவன் நிஜத்துல எழுதிட்டதா நினைச்சுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவான். காலையில வந்து பாத்தா ஒண்ணுமே இருக்காது. இதுவா வசதி?"

"அந்த அளவுக்கு எவன் மேடம் முட்டாளா இருப்பான்?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று முறை அதை முறைப்படி பிழையென்று பதிவு செய்தாள். மூன்று முறையும் அவன் 'இது பிழையல்ல, வசதி' என்று எழுதி மூடிவைத்தான்.

இந்த நிலையில்தான் ஒருநாள் அவள் மானிட்டரைப் பார்த்தபடியே சொன்னாள், "எனக்கு வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. வேற ஊரு. நாம வாடிக்கையாளருக்கு டெமோ காட்டறோமே, அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"ஓ" என்றான் லைப்ரரிக்காரன். உள்ளே ஏதோ ஒன்று அலமாரியிலிருந்து விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. வெளியே வந்தது என்னவோ அந்த ஒற்றை எழுத்துதான். சற்று யோசித்து, "நல்ல சம்பளமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தான்.

அவள் அன்று பழத்தை முழுதாகத் தானே தின்றாள்.

வீட்டில் அக்கா விஷயத்தைக் கறந்துவிட்டாள். அக்கா பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள்.

"நானும் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னுதான்டா சொல்லிட்டு இருக்கேன். முன்னப்பின்ன தெரியாதவன்லாம் ஆன்னு திறக்கறான். கூடப் பொறந்தவன் உனக்கு மட்டும் பூட்டு தொங்குது."

"சொல்லாமலே அவங்களுக்குத் தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்? உன் நெத்தியில ஓடுதா?"

"அவங்க சல்லடை. எதுவும் தப்பாது."

"சல்லடையில எதையாவது போட்டாத்தான்டா சலிக்க முடியும்! காலி சல்லடையை ஆட்டிட்டே இருக்கணுமா அந்தப் பொண்ணு?"

வாயால் சொல்வது என்ற யோசனையை அவன் அன்றிரவே நிராகரித்துவிட்டான். சொல்லும்போது குரல் உடையலாம். எதிரில் இருப்பவர் இடையில் பேசலாம். எழுதிவிடலாம். அதுவும் அழிக்கவே முடியாத இடத்தில் எழுதிவிட்டால், எழுதியவனாலேயே பின்வாங்க முடியாது. கோழைகளுக்கு இதைவிடத் தோதான தொழில்நுட்பம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

டெமோ அன்று காலையில் சீக்கிரம் வந்தான். டெமோவுக்கென்று எழுதிவைத்திருந்த சின்ன புரோகிராமையே திறந்தான். பிளாக்செயினில் எழுதிக் காட்ட அதில் இருந்தது நிறுவனரின் வாசகம். நிறுவனர் தன் விசிட்டிங் கார்டில் தன்னைத் 'தொலைநோக்காளர்' என்று போட்டுக்கொண்டவர். ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் தீர்க்கதரிசி என்பார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் தன் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க முடியாதவர். தேநீர் அறைக்குச் 'சிந்தனை முற்றம்' என்று பெயர்ப்பலகை மாட்டியவரும் அவர்தான். அங்கே ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சொன்னபோது, "நாம் குழாய்களை மாற்ற வந்தவர்கள் அல்ல, உலகத்தை மாற்ற வந்தவர்கள்" என்றார். உலகமும் மாறவில்லை, குழாயும் மாறவில்லை.

அவருடைய வாசகத்தை எடுத்துவிட்டு, லைப்ரரிக்காரன் தன்னுடையதைப் போட்டான். பெயர் போடக் கூச்சமாக இருந்தது. உலகம் உள்ளவரை நிற்கப்போகிற விஷயம். நாலு பேர் பார்ப்பார்கள். 'போகாதீர்கள். என்னைத் திருமணம் செய்துகொள்ளுங்கள்' என்று மட்டும் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

கண்ணைத் திறப்பதற்குள் ரசீது எண் வந்துவிட்டது. வழக்கமாக அரை நிமிடமாவது காக்கவைக்கும், கட்டணம் பிடிக்கும். இன்றைக்கு இரண்டும் இல்லை. அனுபவமுள்ள ஒருவன் இதைப் பார்த்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவனுக்கோ புல்லரித்தது. பிளாக்செயினே வழிவிட்டு நிற்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்த நீளமான எண்ணைக் கைபேசியில் பத்திரமாக எடுத்துக்கொண்டு, டெமோ முடிந்து தேநீர் குடிக்கும்போது அவளுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தான். நிறுவனரின் வாசகத்தை மறுபடி அதே இடத்தில் போட்டு மூடிவைத்தான்.

டெமோ பார்க்க வந்தவர்கள் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்போர் சங்கத்தார். திருட்டு வயலின்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் தங்கள் கடைக்கு வந்துவிடுவதால் போலீஸ் வாசலேறுகிறது. ஒவ்வொரு கருவியும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அழியாமல் எழுதிவைக்க வழி உண்டா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியது. சங்கத்தின் தலைவி குட்டையான, கூர்மையான பெண்மணி. மடியில் ஒரு கிளாரினெட் பெட்டி வைத்திருந்தார். வரும் வழியில் வாங்கினாராம்.

சுவரில் இருந்த பெரிய திரை, சல்லடையின் மடிக்கணினி ஒன்றோடு மட்டுமே ஒத்துப்போகும். அதனால் டெமோவை ஓட்டுவது அவள் பொறுப்பு. முன்கூட்டி ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டதற்கு, "டெமோவை டெஸ்ட் பண்ணினா அதோட ஆன்மா போயிடும்மா" என்று தீர்க்கதரிசி மறுத்திருந்தார்.

அவர் எழுந்து பேசினார். கல், செப்பேடு, அச்சு, பிளாக்செயின் என்று மனித வரலாற்றை நான்காக வகுத்து, நான்காவதற்குத் தானே பொறுப்பு என்கிற தோரணையில் நிறுத்தினார். சங்கத்தாரில் ஒருவர் கொட்டாவியை இருமலாக மாற்றினார். "இதோ, காலத்தின் நெஞ்சில் எழுதுகிறேன்!" என்று தீர்க்கதரிசி கையை உயர்த்த, சல்லடை பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சை நிறத்தில் ரசீது எண் பளிச்சென்று வந்தது. கைதட்டல்.

"வந்த சுருக்கென்ன!" என்றார் தீர்க்கதரிசி.

சல்லடையின் புருவம் மட்டும் சுருங்கியது.

"இதை இப்ப என் போன்ல பாக்கலாமா?" என்று கேட்டார் தலைவி.

"உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம், அம்மையாரே."

"மூலைக்கெல்லாம் போக வேணாம். இங்கேயே பாக்கறேன்." எண்ணை நிதானமாக அடித்துத் தேடினார். "அப்படி ஒண்ணு இல்லைன்னு வருதே."

"நெட் ஸ்லோவா இருக்கும்."

"மத்ததெல்லாம் வருது. உங்களுது மட்டும்தான் வரலை."

லைப்ரரிக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகவரி. அந்த புரோகிராமில் அவன் முகவரியே போடவில்லை. அவனுடைய லைப்ரரி, அவன் சொல்லாமலே புரிந்துகொண்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. காலத்தின் நெஞ்சு என்று தீர்க்கதரிசி சொன்னது கோப்பை அலமாரிக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, காலையில் அவன் எழுதிய இன்னொன்றும் இருக்கிறது.

தீர்க்கதரிசியின் முகம் மாறியது. எப்போதும் உலகைப் பார்க்கும் கண்கள் ஒரு ஆளைத் தேடின. "இதை டெஸ்ட் பண்ணினது யாரு?" என்றார், சல்லடையைப் பார்த்து.

அவள் வாயைத் திறப்பதற்குள் லைப்ரரிக்காரன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"தப்பு என்னோடது சார். முகவரி குடுக்கலைன்னா கத்தணும்னு மேடம் மூணு தடவை எழுதிக் குடுத்தாங்க. நான்தான் மூடிட்டேன். இந்த டெமோவை டெஸ்ட் பண்றேன்னும் கேட்டாங்க. நீங்க வேணாம்னீங்க."

அவ்வளவு நீளமாக அவன் அந்த அறையில் பேசியதே இல்லை. சல்லடை திரும்பி அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சங்கத் தலைவியிடம், "மேடம், எழுதினது தொலையலை. எங்க சோதனை நோடுக்குப் போயிருக்கு. காட்டறேன்" என்று பாப்பாவின் பதிவைத் திறந்தாள். திரையில் இரண்டு வரிகள், இரண்டு எண்கள்.

"மேல இருக்கறது நீங்க இப்ப எழுதினது. கீழ இன்னொண்ணு இருக்கே?" என்றார் தலைவி.

"காலையில யாரோ போட்டிருக்காங்க. பாத்துடலாம்."

"அதைத் திறக்காதீங்க!" என்றான் லைப்ரரிக்காரன்.

சொன்ன குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. அறை மொத்தமும் திரும்பியது. "ஏன்? அதுல என்ன ரகசியம்?" என்றார் தீர்க்கதரிசி. சல்லடை, மௌஸின் மேல் கை வைத்தபடி, அவன் முகத்தைப் பார்த்தாள். காது வரை சிவந்து, கண் தரையில், கையில் கைபேசி. பிழை தேடிப் பழகிய கண்கள். என்ன பார்த்தனவோ, அவள் மெதுவாகக் கையை நீட்டித் திரையின் கேபிளை உருவினாள். சுவர் கருத்தது.

"கேபிள் லூஸ்" என்று அறிவித்துவிட்டு, தன் கணினியில் மட்டும் அந்தக் கீழ்வரியைத் திறந்தாள்.

படித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. காது மடல் மட்டும் லேசாக நிறம் மாறியது. அது அவன் இருந்த பக்கத்துக் காது இல்லை என்பதால் அவனுக்குத் தெரியாமல் போனது.

"என்னம்மா அது?" என்றார் தலைவி.

"டெஸ்ட் மேடம். இன்னும் ரிசல்ட் வரலை."

பிறகு அவள் மளமளவென்று புரோகிராமில் நிஜ நோடின் முகவரியை அடித்தாள், கேபிளை மாட்டினாள், "இப்ப நிஜத்துல எழுதிடலாம். என்ன வாசகம் சார் போடணும்?" என்று கேட்டாள்.

தீர்க்கதரிசி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "எதையாவது எழுதித் தொலைம்மா" என்றார்.

சல்லடை, கொடுத்ததைக் கொடுத்தபடியே உள்ளே செலுத்தும் பழக்கம் உடையவள். அப்படியே அடித்து, அழுத்தினாள். இந்த முறை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டணம் பிடித்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் எண் வந்தது. தலைவி கைபேசியில் தேடி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உரக்கப் படித்தார்.

"'எதையாவது எழுதித் தொலைம்மா.'"

சங்கத்தார் சிரித்த சிரிப்பில் கிளாரினெட் பெட்டி குலுங்கியது. "இதை இனிமே யாராலயும் அழிக்க முடியாதா?" என்றார் தலைவி.

"முடியாது மேடம்."

"அவராலயும்?"

"அவராலயும்."

"அப்ப நம்பலாம்" என்றார் தலைவி, பெட்டியைத் தட்டிக்கொண்டே.

சிந்தனை முற்றத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. லைப்ரரிக்காரன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான். சல்லடை வந்து கதவைச் சாத்தினாள்.

"படிச்சேன்."

கோப்பை மேலும் சுத்தமானது.

"யாருக்குன்னு போடலை. யார் எழுதினதுன்னும் போடலை."

"அது... உங்களுக்கே புரியும்னுதான்..."

"ஓ. முகவரி குடுக்கலைன்னா நாங்களே புரிஞ்சுக்கிட்டுப் போயிடணும். வசதி?"

அவள் எட்டி, அலமாரிக்கு மேலே இருந்த பாப்பாவின் பொத்தானை அழுத்தினாள். விசிறி முனகி நின்றது.

"ஐயோ, என்ன பண்றீங்க!"

"அணைச்சேன். போயிடுச்சு. இப்ப அது எங்கயும் இல்ல." கையைக் கட்டிக்கொண்டாள். "சாயங்காலம் நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். இனி வாயால சொல்லுங்க."

அவன் குழாயைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். அக்காவின் குரல் காதில் கேட்டது. வாயைத் திறந்தான்.

"போகாதீங்க மேடம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க."

"ரெண்டு விஷயத்தை ஒண்ணா கட்டி அனுப்பாதீங்கன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒண்ணு தோத்தா அதோட சேர்ந்து இன்னொண்ணும் தோத்துடும்." பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். "முதல் விஷயம் தோத்துடுச்சு. நான் போறேன். அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. இங்க நான் எழுதறதை எல்லாம் ஒரு ஆள் மூடிக்கிட்டே இருக்கார்."

அவன் முகம் தொங்கியது. அவள் தோலைக் கழுவுதொட்டியின் ஓரத்தில் அடுக்கினாள்.

"ரெண்டாவதை இன்னும் தனியா அனுப்பவே இல்லையே நீங்க?"

புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. நிஜ நோடு போலத்தான் அவனும். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க" என்றான்.

"லைப்ரரியை எந்த ஊர்ல உக்காந்தும் எழுதலாம் இல்ல?"

"எழுதலாம்."

"மறுபடியும் சொல்லுங்க."

"ஏன், கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஒரு தடவை சரியா வந்ததை நான் எப்ப நம்பியிருக்கேன்? சத்தமா."

அவன் சத்தமாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து, காலிக் கோப்பையோடு தீர்க்கதரிசி நின்றார். அவருக்குப் பின்னால் கிளாரினெட் பெட்டியும் அதற்கு மேலே தலைவியின் முகமும் தெரிந்தன.

"இங்க என்ன நடக்குது?" என்றார் தீர்க்கதரிசி.

"டெஸ்டிங் சார்" என்றாள் சல்லடை, திரும்பாமலே. பிறகு அவனிடம், "யாரைக் கேக்கறீங்க? மேடத்தையா? மேடம் இந்த ஆபீஸோட முடிஞ்சு போயிடுவாங்க. முகவரியைச் சரியாச் சொல்லுங்க."

அவன் ஈரக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"உன்னை" என்றான்.

"ரிசல்ட் வந்துடுச்சா?" என்றார் பின்னாலிருந்து தலைவி.

சல்லடை பழத்தைப் பிளந்து பாதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். இந்த முறை அவன் ஆராயவில்லை.

அன்று மாலைக்குள் அவள் புது வேலைக்குச் சம்மதம் சொன்னாள். லைப்ரரிக்காரன் தன் மேசைக்குப் போய், மூடிவைத்த மூன்று பதிவுகளையும் திறந்தான். 'இது பிழையல்ல, வசதி' என்று தான் எழுதியதற்குக் கீழே, 'பிழைதான்' என்று மூன்று இடத்திலும் எழுதினான். லைப்ரரியை மாற்றினான். இனி முகவரி கொடுக்காமல் யார் இணைக்கப் பார்த்தாலும், அது பாப்பாவிடம் போகாது. சிவப்பு எழுத்தில் கத்தும்: 'எங்கே என்று சொல்லுங்கள். நானாகப் புரிந்துகொள்ள மாட்டேன்.'

வேலையை விட்டுப் போவதற்கு முன் சல்லடை கடைசியாகச் சோதித்தது அதைத்தான். முகவரி இல்லாமல் ஓட்டினாள், கத்தியது. இன்னொரு தடவை ஓட்டினாள், கத்தியது. அவன் பின்னால் வந்து நின்று, "போதுமே, நம்பேன்" என்றான். அவள் மறுபடியும் ஓட்டினாள்.